ஸ்கிரீன் பிரசன்ஸ் என்பது என்ன? ஒரு ஜெர்மன் டி.வி. போலீஸ்காரரை வைத்து எளிய விளக்கம்

“நடிப்பு சுமார்தான், ஆனால் ஸ்கிரீன் பிரசன்ஸ் இருக்கிறது.” படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். ஒருவர் உயரம் என்பார், இன்னொருவர் அழகு என்பார். மூன்றாமவர் அது பிறவியிலேயே வர வேண்டியது, கற்றுக்கொடுக்க முடியாது என்று முடித்துவிடுவார்.

மூன்று விடைகளும் தவறான இடத்தில் தேடுகின்றன. திரையில் ஒருவர் வந்ததும் நம் கண் அவரிடமே போய் நிற்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் பலவற்றைச் சென்டிமீட்டரிலும் வினாடியிலும் அளந்தே சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரையில் அதைத் ‘திரை இருப்பு’ என்று அழைப்போம். திரையில் ஒருவர் இருப்பதே நம் கவனத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் திரை இருப்பு. இந்த விளக்கத்தில் அழகு, புகழ், நல்ல குணம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எடுத்துக்காட்டாக ஹோர்ஸ்ட் டாப்பர்ட் என்ற ஜெர்மன் தொலைக்காட்சி நடிகரை எடுத்துக்கொள்வோம். ‘டெரிக்’ என்ற போலீஸ் தொடரில் 1974 முதல் 1998 வரை, 281 எபிசோடுகளிலும் அவர்தான் நாயகன். மியூனிக் நகரக் கொலை வழக்குப் பிரிவின் அதிகாரி ஸ்டெஃபான் டெரிக் அந்தப் பாத்திரம். தொடர் தொடங்கியபோது டாப்பர்ட்டுக்கு வயது 51. கண்ணுக்குக் கீழே பை தொங்கும் முகம், மெதுவான நடை, மழைக்கோட்டு. சண்டைக்காட்சிகள் சொற்பம், காதல் அதைவிடச் சொற்பம். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அந்தத் தொடரை வாங்கி ஒளிபரப்பின. கவர்ச்சிக்கு வேண்டியவை என்று நாம் நினைப்பவை பெரும்பாலும் இல்லாத ஒரு நடிகரிடம் திரை இருப்பு மட்டும் நிறைந்திருக்கிறது என்றால், அது எதனால் ஆனது என்று பிரித்துப் பார்க்க அவரே வசதியான ஆள்.

வகுப்பறையில் தொடங்குவோம்

இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் வகுப்புக்குள் வரும்போதே “சத்தம் போடாதீங்க” என்று மேசையைத் தட்டுகிறார், அங்குமிங்கும் நடக்கிறார். இரண்டு நிமிடத்தில் சத்தம் மறுபடி எழுகிறது. மற்றவர் உள்ளே வருகிறார், புத்தகத்தை வைக்கிறார், நிற்கிறார், பிள்ளைகளைப் பார்க்கிறார். வகுப்பு அடங்குகிறது.

இரண்டாமவர் செய்தது என்ன? தேவையில்லாத அசைவு ஒன்றைக்கூடச் செய்யவில்லை. அதனால் அவர் செய்த ஒரே அசைவுக்கு, அதாவது பார்வைக்கு, முழு எடையும் கிடைத்துவிட்டது. அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

திரை இருப்பின் முதல் பாதி இதுதான். ஆனால் வகுப்பறையில் இல்லாத ஒன்று திரையில் இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே முடிவு செய்கிறார்கள். திரையில் அதைக் கேமராவும் எடிட்டரின் கத்தரியும் நமக்காக முடிவு செய்கின்றன. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டுப் பேசுவதால்தான் திரை இருப்பு ஏதோ மாயம்போலத் தெரிகிறது.

சட்டகக் கணக்கு

கேமரா ஒரே நேரத்தில் காட்டும் செவ்வகப் பரப்பைச் சட்டகம் என்கிறோம். கேமரா ஓடத் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரை பதிவாகும் துண்டு ஷாட். முகம் மட்டும் சட்டகத்தை நிறைத்தால் அது குளோசப். இந்த மூன்றும் போதும், கணக்குக்குப் போகலாம்.

ஆள் முழுதாகத் தெரியும் ஷாட்டில் சட்டகத்தின் உயரம் நிஜ உலகில் சுமார் 2.5 மீட்டரைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடிகர் தலையை 10 செ.மீ. அசைத்தால் அது சட்டகத்தின் இருபத்தைந்தில் ஒரு பங்கு, யாருக்கும் உறுத்தாது. குளோசப்பில் சட்டகம் காட்டுவது ஏறக்குறைய 40 செ.மீ. அதே 10 செ.மீ. அசைவு இப்போது சட்டகத்தின் கால் பங்கு. நடிகர் செய்தது ஒன்றுதான், பார்ப்பவருக்கோ தலை தூக்கி எறியப்பட்டதுபோல இருக்கும்.

இந்தக் கணக்கைப் பழைய டி.வி. பெட்டிக்குக் கொண்டுபோனால் இன்னொன்று விளங்கும். 1970களின் 26 அங்குலப் பெட்டியில் படத்தின் உயரம் கிட்டத்தட்ட 40 செ.மீ. முழு ஆள் ஷாட்டில் நடிகரின் தலை அதில் 4 செ.மீ.கூடத் தேறாது. மூன்று மீட்டர் தள்ளி சோஃபாவில் இருப்பவருக்குக் கண்களே தெரியாது. அதனால் தொலைக்காட்சி குளோசப்பை நம்பியே வாழ வேண்டியிருந்தது. குளோசப் வந்ததும் என்ன நடக்கிறது? 40 செ.மீ. பரப்பு 40 செ.மீ. திரையில் விழுகிறது. அதாவது முகம் நிஜ அளவிலேயே தெரிகிறது. சினிமாக் கொட்டகையில் முகம் வீட்டைவிடப் பெரிதாகத் தெரியும், நாம் அண்ணாந்து பார்ப்போம். டி.வி.யில் அது எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகம். சினிமா நட்சத்திரத்தின் ஈர்ப்பும் டி.வி. நடிகரின் ஈர்ப்பும் வெவ்வேறு சுவை கொண்டிருப்பதற்கு இந்த அளவு வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம். இது போதிய அளவு பேசப்படவில்லை என்பது எங்கள் எண்ணம்.

இதுவரை பார்த்தது: அசைவு குறைந்தால் மிச்சமிருக்கும் அசைவின் எடை கூடும். சட்டகம் நெருங்க நெருங்க அதே அசைவு பெரிதாகும். டி.வி. நெருக்கமான சட்டகங்களால் ஆனது. ஆகவே சிக்கனமாக அசையத் தெரிந்தவருக்கு அது சொந்த வீடு.

மேடையிலிருந்து வந்தவர்

டாப்பர்ட் 1923இல் எல்பர்ஃபெல்ட்டில் பிறந்தார். இன்றைய வுப்பர்டால் நகரின் பகுதி அது. படித்தது வணிகத் தொழில். போர் முடிந்தபின் ஸ்டெண்டால் ஊர் நாடக அரங்கில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே மேடையேறினார். அடுத்துப் பல ஊர் நாடக அரங்குகள், 1956இல் மியூனிக்கின் புகழ்பெற்ற ‘காமர்ஷ்பீலெ’ அரங்கு.

ஜெர்மனியில் இது வழக்கமான பாதை. அங்கே சிறு நகரங்களிலும் அரசு மானியம் பெறும் நாடக அரங்குகள் உண்டு. சம்பளத்துக்கு நடிகர்களை வைத்துக்கொண்டு பருவத்துக்குப் பல நாடகங்கள் போடுவார்கள். டி.வி. நடிகர்களில் பலர் அந்தப் பட்டறையில் இருபது ஆண்டு உழைத்தவர்கள்.

மேடைப் பயிற்சி கேமரா முன் உதவுமா? பாதி உதவும், பாதி கெடுக்கும். கல்யாண மண்டபத்தின் அந்தக் கோடியில் நிற்பவரை அழைக்கும்போது கையை வீசுகிறோம், குரலை உயர்த்துகிறோம். அதே குரலில் போனில் பேசினால் எதிராளி போனைக் காதிலிருந்து எடுத்துவிடுவார். மேடை என்பது மண்டபம், குளோசப் என்பது போன். மேடை நடிகர் முதல்முறை கேமரா முன் நிற்கும்போது நேரும் கோளாறுகள் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்கும்: புருவம் ஏறி இறங்கும், ஒவ்வொரு சொல்லுக்கும் தலை ஆடும், வாக்கிய முடிவைக் கடைசி வரிசைக்கு அனுப்புவதுபோல அழுத்துவார்கள்.

மேடை தரும் நல்ல பாதி, உடம்பின் மீதான கட்டுப்பாடு. நாற்காலியிலிருந்து எழுவதைப் பாருங்கள். சாதாரணமாக நாம் எழும்போது தலையை முன்னால் குனிந்து, கையை ஊன்றி, வெடுக்கென்று எழுகிறோம். கேமராவில் அப்படிச் செய்தால் முகம் சட்டகத்தின் அடிப்பக்கம் வழியாக வெளியே போய், மேலே எங்கோ முளைக்கும். கேமராக்காரரால் பின்தொடர முடியாது. ஒரு பாதத்தை நாற்காலிக்கு அடியில் பின்னுக்கு வைத்து, முதுகு நேராக, இயல்பைவிடச் சற்று மெதுவாக எழுந்தால் முகம் சட்டகத்துக்குள்ளேயே உயரும். பார்ப்பவர் இதை “என்ன கம்பீரமாக எழுந்தார்” என்று நினைவில் வைத்துக்கொள்வார். கம்பீரத்தில் பாதி அந்தப் பாதம் வைத்த இடம்.

டாப்பர்ட்டை ஜெர்மனி முழுவதும் அறிந்தது 1966இல். பிரிட்டன் அஞ்சல் ரயில் கொள்ளையைத் தழுவிய மூன்று பாக டி.வி. படம் ஒன்றில் கொள்ளைக் கும்பலின் தலைவராக வந்தார். பிறகு 1968, 1969இல் எட்கர் வாலஸ் என்ற ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளரின் பெயரில் வந்த வரிசைப் படங்களில் இன்ஸ்பெக்டர் பெர்கின்ஸ். திருடனாக இருந்தாலும் போலீஸாக இருந்தாலும் அடிப்படைக் கருவி ஒன்றே: பதறாத உடல்.

கண் எங்கே பார்க்கிறது

குளோசப்பில் நம் கவனம் முதலில் போவது கண்களுக்கு. அங்கே மூன்று விஷயங்கள் வேலை செய்கின்றன.

முதலாவது இமைப்பு. ஓய்வாக இருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 முறை இமைக்கிறார். ஓர் இமைப்பு சுமார் கால் வினாடி. ஜெர்மனியில் டி.வி. வினாடிக்கு 25 படங்கள் என்ற கணக்கில் ஓடுவதால் ஆறு படங்களுக்குக் கண் இல்லை. பதற்றத்தில் இமைப்பு கூடும். முக்கியமான வரியின் முதல் சொல்லில் நடிகர் இமைத்தால் அந்த வரி வலுவிழந்துவிடும். வரிக்கு முன்பே இமைத்து முடித்துவிட்டுப் பேசுவது அனுபவசாலிகளின் பழக்கம். அதற்காக இமைக்காமலேயே இருந்தால் பாம்பு பார்ப்பதுபோல ஆகும், கண்ணீரும் கோத்துக்கொள்ளும்.

இரண்டாவது பார்வைக்கோடு. நடிகரின் கண் எந்தத் திசையில் நிற்கிறதோ அதுதான் பார்வைக்கோடு. குளோசப் எடுக்கும்போது எதிர் நடிகர் பெரும்பாலும் கேமராவுக்குப் பக்கத்திலேயே நிற்பார். அவருடைய இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தால் திரையில் கண்மணி துள்ளிக்கொண்டே இருக்கும். நேரில் யாரும் கவனிக்காத இந்தத் துள்ளல் குளோசப்பில் அலைபாயும் மனமாகத் தெரியும். ஆகவே லென்ஸுக்கு அருகில் இருக்கும் ஒரு கண்ணை மட்டும் தேர்ந்து அங்கேயே பார்வையை நிறுத்த வேண்டும். நடிகரின் முகம் கேமரா பக்கம் கூடுதலாகத் திரும்பும், இரண்டு கண்களும் நமக்குக் கிடைக்கும்.

மூன்றாவது ஒளிப்புள்ளி. விளக்கின் பிரதிபலிப்பாகக் கண்மணியில் மின்னும் சிறு வெள்ளைப் புள்ளி அது. அது இல்லையென்றால் கண் குழியாகத் தெரியும், ஆள் உயிரற்றுப் போவார். இதை வைப்பவர் ஒளிப்பதிவாளர். நடிகர் தலையை ஓரளவுக்கு மேல் குனிந்தால் புருவ நிழல் விழுந்து புள்ளி காணாமல் போகும். திரை இருப்பு தனி ஒருவரின் சொத்து அல்ல என்பதற்கு இந்தப் புள்ளியே சாட்சி.

கூடவே நிற்கும் இடம். தரையில் ஒட்டுநாடாவால் டி வடிவத்தில் குறி போட்டிருப்பார்கள், அதற்கு மார்க் என்று பெயர். இன்றைய சினிமாக் கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8 திறப்பு, 2 மீட்டர் தூரம் என்றால் துல்லியமாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 8 செ.மீ. மட்டுமே. மார்க்கைத் தாண்டி அரை அடி வந்துவிட்டால் முகம் மங்கிவிடும். எவ்வளவு உருக்கமாக நடித்தாலும் அந்த டேக் குப்பைக்கூடைக்குத்தான். டேக் என்பது ஒரே ஷாட்டை எடுக்கும் ஒவ்வொரு முயற்சி.

பேசாதவரின் பலம்

டெரிக் தொடரின் இயல்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயத்தின் நடுநரம்பு இங்கேதான் இருக்கிறது. 281 எபிசோடுகளையும் எழுதியவர் ஒருவரே, ஹெர்பர்ட் ரைனெக்கர். ஆரம்பக் கால எபிசோடுகளில் கொலையாளி யார் என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடும். மிச்சமிருக்கும் கேள்வி, டெரிக் எப்போது, எப்படி அதை அறிகிறார் என்பது மட்டுமே. மியூனிக்கின் வசதியான வீட்டு வரவேற்பறை, குற்றம் செய்தவர் பேசுகிறார், டெரிக் கேட்கிறார்.

அப்போது திரை யாரைக் காட்டும்? பேசுகிறவரை என்று சொல்லத் தோன்றும். சற்று நேரம் அவரைக் காட்டும், பிறகு கட். கட் என்பது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது ஒட்டும் இடம். பேச்சு தொடர்ந்து காதில் விழ, திரையில் கேட்டுக்கொண்டிருக்கும் டெரிக்கின் முகம் வரும். இதற்கு ரியாக்‌ஷன் ஷாட் என்று பெயர்.

அந்த முகத்தில் டாப்பர்ட் பெரிதாக எதையும் செய்வதில்லை. அதுதான் காரியம். 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் லெவ் குலேஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை எடுத்து, ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும் சேர்த்து ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் கண்டார்கள். இரண்டு ஷாட்டுகள் பக்கத்தில் நிற்கும்போது, அவற்றில் இல்லாத பொருளைப் பார்ப்பவர் மனம் தானே உண்டாக்கிக்கொள்வதைக் குலேஷோவ் விளைவு என்கிறார்கள்.

டெரிக்கின் முகத்துக்கும் அதுவே நடக்கிறது. “அன்று இரவு நான் வீட்டில்தான் இருந்தேன்” என்று பொய் சொல்லும் குரல் கேட்க, டெரிக்கின் கண் ஒரு கணம் அவர் மேல் நிற்கிறது. “கண்டுபிடித்துவிட்டார்!” என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த எண்ணத்தை அங்கே வைத்தவர்கள் நாம். டாப்பர்ட் அதற்கு இடம் விட்டு வைத்தார், அவ்வளவே. புருவத்தைத் தூக்கி “எனக்குத் தெரிந்துவிட்டது” என்று அவரே காட்டியிருந்தால் நமக்கு வேலை இருந்திருக்காது. வேலை இல்லாத இடத்தில் கவனமும் நிற்பதில்லை.

இங்கே பயிற்சி நடிகர்கள் பலர் வழுக்கி விழுகிறார்கள். எதுவும் செய்யாமல் இருந்தால் போதும் என்று நினைத்து முகத்தை உறையவைத்துவிடுகிறார்கள். உறைந்த முகமும் அமைதியான முகமும் ஒன்றல்ல. குளத்தில் தண்ணீர் அசையாமல் இருப்பதற்கும் சிமெண்ட் தரை அசையாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. கேட்பவர் உண்மையிலேயே கேட்க வேண்டும். எதிராளி சொல்வதில் எந்தச் சொல் தன்னைத் தைக்கிறது என்று நடிகர் முன்கூட்டியே தீர்மானித்து, அந்தச் சொல் வரும்வரை காத்திருந்தால், மூச்சு தானாக ஒரு கணம் நிற்கும். அந்த மூச்சு நிற்பதைக் கேமரா பிடித்துவிடும்.

இதுவரை பார்த்தது: கண் நிலையாக இருந்தால் மனம் நிலையாகத் தெரியும். கேட்பவரின் அமைதியான முகத்தில் நாமே எண்ணங்களை ஏற்றுகிறோம். அதற்கு இடம் விடத் தெரிந்தவர் பேசாமலேயே காட்சியைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறார்.

எடிட்டர் யாரைத் தேர்ந்தெடுப்பார்?

ஒரே காட்சியைப் பல முறை எடுப்பார்கள். முதலில் அறை முழுதும் தெரியும்படி, பிறகு இருவராக, பிறகு ஒவ்வொருவருக்கும் குளோசப். இந்தத் துண்டுகளை எடிட்டர் ஒட்டும்போது ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கோப்பை எந்தக் கையில் இருந்தது, எந்தச் சொல்லில் கீழே வைத்தார் என்பதெல்லாம் எல்லா டேக்கிலும் ஒத்துப்போவதைத் தொடர்ச்சி, படப்பிடிப்புத் தளத்து மொழியில் கன்டினியூட்டி என்கிறார்கள்.

முதல் டேக்கில் “நேற்று” என்ற சொல்லில் கோப்பையை வைத்த நடிகர் குளோசப்பில் “வந்தார்” என்ற சொல்லில் வைத்தால், அந்த இரண்டு ஷாட்டையும் ஒட்ட முடியாது. எடிட்டர் என்ன செய்வார்? அந்த இடத்தில் எதிர் நடிகரின் முகத்தைப் போட்டு மறைப்பார். இப்படி நாலு இடத்தில் நடந்தால் ஒரு நடிகரின் குளோசப்புகள் குறைந்து, மற்றவருடையவை கூடும். படம் வெளிவந்தபின் மற்றவருக்குத்தான் ‘ஸ்கிரீன் பிரசன்ஸ்’ என்று நாம் பேசுவோம்.

ஆகவே, பேசும்போது கையால் செய்யும் வேலைகளைக் குறைத்துக்கொள்வது, செய்வதானால் வசனத்துக்கு முன்போ பின்போ செய்து முடிப்பது, ஒவ்வொரு டேக்கிலும் அதே சொல்லில் அதே அசைவு என்பவை நடிப்புப் பாடத்தின் ஓரத்தில் இருக்கும் விதிகள் அல்ல. திரையில் எத்தனை வினாடி கிடைக்கும் என்பதை அவை தீர்மானிக்கின்றன.

மாதம் ஒருமுறை வரும் விருந்தாளி

24 ஆண்டுகளில் 281 எபிசோடுகள் என்றால் ஆண்டுக்குச் சராசரி பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைவு. கிட்டத்தட்ட மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவு 8.15க்கு, இசட்.டி.எஃப். சேனலில். அந்த 8.15க்கும் காரணம் உண்டு. ஏ.ஆர்.டி. சேனலின் ‘டாகஸ்ஷாவ்’ செய்தி எட்டு மணிக்குத் தொடங்கிக் கால் மணி நேரம் ஓடும். நாடே செய்தி பார்த்து முடித்த கையோடு இரவு நிகழ்ச்சிக்குத் திரும்பும் நேரம் அது. மேற்கு ஜெர்மனியில் தனியார் டி.வி. வந்ததே 1984இல்தான். அதுவரை பார்ப்பதற்கு இருந்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் பொதுச் சேனல்கள்.

இப்படி ஒரு முகம் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்கு வந்துபோனால், அது உள்ளே நுழையும்போதே பழைய வருகைகளின் நினைவையும் எடுத்துக்கொண்டு வருகிறது. புதிய நடிகர் பத்து நிமிடத்தில் உண்டாக்க வேண்டிய நம்பிக்கை, தொடர் நாயகருக்குக் கதவைத் திறந்ததுமே கிடைத்துவிடும். தெருமுனை மளிகைக்கடைக்காரரை ஊர் திருவிழாவில் பார்த்தால் சட்டென்று அடையாளம் தெரிவதுபோல.

துணைப் பாத்திரமும் இதில் சேரும். டெரிக்கின் உதவியாளர் ஹாரி கிளைனாக வந்தவர் ஃபிரிட்ஸ் வெப்பர். அவர் அதற்கு முன் ‘டெர் கொமிஸ்ஸார்’ என்ற தொடரில் அதே ஹாரி கிளைனாகவே நடித்துக்கொண்டிருந்தார். பார்வையாளர்களுக்கு நன்கு பழகிய ஒருவர் இந்தப் புதிய அதிகாரியின் பக்கத்தில் நின்று, அவர் சொல்வதைக் கேட்டு நடக்கிறார். அதைப் பார்த்ததும் டெரிக்கின் அதிகாரம் பாதி நிறுவப்பட்டுவிடுகிறது. ராஜாவாக நடிப்பவர் ராஜாவாகத் தெரிவது சுற்றி நிற்பவர்கள் குனிவதால்தான்.

“ஹாரி, போய் வண்டியை எடுத்து வா” என்பது டெரிக்கின் புகழ்பெற்ற வசனம் என்று ஜெர்மானியர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் சொல்லும் அதே வடிவத்தில் அந்த வாக்கியம் 281 எபிசோடுகளில் ஒன்றில்கூட இல்லை. டெரிக் நிற்பதும், ஹாரி நகர்வதுமாகத் திரும்பத் திரும்பப் பார்த்த உறவுக்கு மக்கள் மனமே ஒரு வசனம் எழுதிக்கொண்டது.

தொடரின் அமைப்பே கொஞ்சம் இருப்பைக் கடனாகத் தரும் என்பதற்கு ‘டெர் ஆல்டெ’ என்ற இன்னொரு ஜெர்மன் போலீஸ் தொடர் நல்ல சான்று. 1980களில் தூர்தர்ஷன் பார்த்தவர்களுக்கு அது ‘தி ஓல்ட் ஃபாக்ஸ்’ என்ற பெயரில் நினைவிருக்கலாம். 1977இல் சீக்ஃபிரீட் லோவிட்ஸ் நாயகராகத் தொடங்கினார். அவர் விலகியபின் ரோல்ஃப் ஷிம்ஃப், பிறகு இன்னும் சிலர் என்று தலைமை அதிகாரி மாறிக்கொண்டே இருக்க, தொடர் ஓடிக்கொண்டே இருந்தது. நாற்காலிக்கும் ஒரு கனம் உண்டு. ஆனால் அந்தக் கனத்தை நாள்பட ஏற்க ஆள் தேவை.

குரல் இல்லாமலும் நிற்குமா?

திரை இருப்பு என்றால் குரல்தான் என்று நம்புகிறவர்களுக்கு டெரிக்கின் வெளிநாட்டுப் பயணம் ஒரு சோதனைக்கூடம். நார்வேயிலும் நெதர்லாந்திலும் வெளிநாட்டுத் தொடர்களுக்கு அடியில் எழுத்து போடுவது வழக்கம், டாப்பர்ட்டின் சொந்தக் குரல் கேட்டது. இத்தாலியிலும் பிரான்சிலும் டப்பிங், அதாவது உள்ளூர் நடிகர் ஒருவர் தம் மொழியில் குரல் கொடுப்பது. அங்கே கேட்டது வேறொரு மனிதரின் குரல். நான்கு நாடுகளிலும் டெரிக் வேரூன்றினார்.

குரலுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. டப்பிங் செய்பவர் மாற்றுவது ஒலியை. எங்கே பேச்சு தொடங்குகிறது, எங்கே இடைவெளி விழுகிறது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எத்தனை வினாடி என்பவை படத்திலேயே பூட்டப்பட்டிருக்கும். வாய் அசைவதற்குத் தக்கபடிதான் புதுக் குரல் போக முடியும். ஆக, மொழி மாறினாலும் மாறாமல் கடந்துவந்தது அந்தத் தாளம்.

எதிர் உதாரணம்: அடங்காத உடல்

அசையாமல் இருப்பதே ஒரே வழி என்று எண்ணிவிட வேண்டாம். 1981 முதல் 1991 வரை ‘டாட்டோர்ட்’ என்ற ஜெர்மன் டி.வி. குற்றக்கதை வரிசையில் ஷிமான்ஸ்கி என்ற போலீஸ்காரராக வந்த கெட்ஸ் கியோர்கே முற்றிலும் வேறு மாதிரி. டூயிஸ்பர்க் என்ற உருக்காலை நகரம், பல பைகள் வைத்த வெளிர்நிறக் கோட்டு, கெட்ட வார்த்தை, ஓட்டம், கைகலப்பு.

இதுவும் வேலை செய்கிறதே, எப்படி? அவருடைய அசைவுகள் அதிகம், ஆனால் கலங்கியவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தொடக்கமும் முடிவும் இருக்கும். பாய்ந்து போய்ச் சட்டையைப் பிடிப்பார், பிடித்த இடத்தில் உடல் நின்றுவிடும், குளோசப் அந்த நிற்றலில் வரும். பெரிய அசைவுகளுக்குச் சட்டகமும் விரிந்து, தெருவும் துறைமுகமும் புகைபோக்கியும் சேர்ந்து தெரியும். டெரிக்கின் வரவேற்பறைக்குள் ஷிமான்ஸ்கியின் உடம்பை வைத்தால் சட்டகத்தை விட்டுத் தெறித்துவிடும். உடலும் சட்டகமும் பொருந்தியதுதான் ரகசியம்.

அதே கியோர்கே 1995இல் ‘டெர் டோட்மாஹர்’ என்ற படத்தில் ஒரு தொடர் கொலைகாரனாக, ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறையில் விசாரணை மேசைக்கு முன் உட்கார்ந்திருந்தார். வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஓட்டத்துக்குப் பெயர்பெற்றவர் உட்கார்ந்தே கட்டிப்போட்டார் என்றால், இது உடம்போடு ஒட்டிப் பிறந்த ஒற்றை வரம் என்ற கருத்து எப்படி நிற்கும்?

முகத்தை நம்புவதும் மனிதரை நம்புவதும்

எல்லாவற்றிலும் கனமான தவறான புரிதல் இது. டெரிக் நேர்மையின் உருவம். அந்த முகத்தை 24 ஆண்டு பார்த்தவர்கள் டாப்பர்ட்டையே அப்படிப்பட்டவராக எண்ணினார்கள். அவர் 2008இல் இறந்தார். 2013இல் ஆவணங்கள் வழியே வெளிவந்த செய்தி: இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், அவர் நாஜிகளின் வாஃபன் எஸ்.எஸ். என்ற ஆயுதப் படையின் ‘டோட்டன்கோஃப்’ பிரிவில் இருந்திருக்கிறார். வாழ்நாளில் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. இசட்.டி.எஃப். இனி டெரிக்கை மறு ஒளிபரப்புச் செய்வதில்லை என்று அறிவித்தது.

பலருக்கு அது சொந்த வீட்டில் நடந்த ஏமாற்றம்போல இருந்தது. ஏன் அவ்வளவு வலித்தது என்பதற்கு மேலே சொன்னவற்றிலேயே விடை இருக்கிறது. நிஜ அளவு முகம், எதிரே உட்கார்ந்து நாம் சொல்வதைக் கேட்பது போன்ற கண்கள், மாதந்தவறாத வருகை. அமைதியான முகத்தில் நேர்மையை எழுதியது நம் மனமும் ரைனெக்கரின் பேனாவும். பாதம் வைத்த இடம், பார்வைக்கோடு, ஒளிப்புள்ளி, கட் ஆகியவற்றால் கட்டப்பட்ட ஒன்றை மனிதரின் நெஞ்சுக்குச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது. திரை இருப்பு மெய்யானதுதான், ஆனால் திரைக்குள் மட்டும்.

நீங்களே சோதித்துப் பார்க்க

பிடித்த நடிகர் வரும், இருவர் உட்கார்ந்து பேசும் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்று நிமிடம் போதும். முதல் தடவை ஒலியை முழுதாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். கண் யாரிடம் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை கடிகாரத்தோடு. அந்த நடிகர் பேசும்போது திரையில் இருக்கும் வினாடிகள் எத்தனை, பேசாமல் கேட்கும்போது இருக்கும் வினாடிகள் எத்தனை என்று தனித்தனியாகக் கூட்டுங்கள். கேட்கும் வினாடிகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால், எடிட்டர் அவர் முகத்தை நம்பியிருக்கிறார் என்று பொருள்.

மூன்றாவது தடவை கண்களை மட்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை இமைப்பு, அவை வசனத்துக்கு முன்னா நடுவிலா, பார்வை ஓரிடத்தில் நிற்கிறதா, கண்மணியில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா? கடைசியாகக் கைகள்: எந்தச் சொல்லில் எதைத் தொடுகிறார் என்று பாருங்கள். பிறகு அதே காட்சியில் உங்கள் கவனத்தைப் பிடிக்காத மற்ற நடிகருக்கும் இதே நான்கு கணக்கையும் போடுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்ததும், வித்தியாசம் எந்த வினாடியில் தொடங்குகிறது என்பது உங்கள் கண்ணிலேயே படும்.